ஓம் என்றால் உய்

ஒரு விசயத்தை அறவே படிக்காதவனுக்குச் சபையில் மூக்கு உடைவதில்லை. அவன் சபைப் பக்கமே போவதில்லை. அரைகுறையாகப் படித்தவனுக்குத்தான் உடையும். நான் இரண்டு விசயங்களை அரைகுறையாகப் படித்திருந்தேன். இரண்டு அரையும் சேர்ந்ததில் எனக்கு முழுதாக உடைந்தது.

முதலாவது அரை கோட்பாடு, மற்றது தரவு. இரண்டையும் கொண்டுபோய் நான் பொருத்தப் பார்த்த துறை, சுற்றுலா ஆய்வு. (அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். என் அத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.) 2009க்குப் பிந்திய ஆண்டுகள் அவை. பாரிசில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலையின் கடைசி ஆண்டில் இருந்தேன். பகலில் ஆய்வாளன். பொழுதுபட்டால் லா சப்பல் என்கிற தமிழ்க் கடைத்தெருவில் அத்தானின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன். இரண்டு வேலையிலும் நுரை அதிகம், ஆனால் கோப்பை கழுவினால் கடைசியில் ஏதாவது சுத்தமாகும்.

அந்த வருடம் எங்கள் துறையில் ஒரேயொரு முனைவர் பட்ட இடம் இருந்தது. சம்பளத்தோடு கூடிய ஒப்பந்தம். அது கிடைத்தால் நான் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சமையற்கட்டை விட்டு வெளியேறலாம். கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் அத்தான் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்: "படிப்பு முடிஞ்சுதெண்டால் பகலும் வந்து நில். எனக்கும் ஆள் தேவைதான்." அக்காவோ அதற்கிடையில் "தம்பி டொக்ரராகப் போறான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என்ன டொக்ரர் என்று சொல்லவில்லை. மரக்கறிக் கடையில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள் வந்து எனக்கு முழங்காலைக் காட்டத் தொடங்கினார்கள். நானும் குனிந்து பார்த்துவிட்டு, "ஐஸ் வையுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். அந்த அளவுக்கு எனக்கு நம்பிக்கை முற்றியிருந்தது.

துறையில் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் கோட்பாட்டு மடாம். பெரிய சால்வை, சின்னக் குரல். "சுற்றுலாப் பயணி என்பவர் ஒரு கருத்து" என்பார். அவர் ஒரு சுற்றுலாப் பயணியை நேரில் கண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். மற்றவர் தரவு முசியே, அதாவது தரவு ஐயா. எண்ண முடியாத எதுவும் உலகத்தில் இல்லை, இருந்தால் அது நமக்குத் தேவையில்லை என்பது அவர் கொள்கை. கடல் அழகாக இருக்கிறது என்று சொன்னால், எத்தனை பேர் சொன்னார்கள் என்று கேட்பார். இருவருடைய அறைகளும் எதிரெதிரே இருந்தன. ஒரே கோப்பி இயந்திரத்தைக்கூட இருவரும் பாவிப்பதில்லை. கோட்பாடு இல்லாத தரவு குப்பை என்று அவர் சொல்ல, தரவு இல்லாத கோட்பாடு கதை என்று இவர் சொல்ல, நடுவில் மாணவர்கள் குப்பையும் கதையுமாகப் பட்டம் பெற்று வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அதில் ஒரு யோசனை பிறந்தது. இரண்டு பேரையும் மகிழ்வித்தால் ஒப்பந்தம் எனக்குத்தான். ஆகவே என் ஆய்வுக்கு இப்படித் தலைப்பு வைத்தேன்: "கோட்பாட்டுக்கும் தரவுக்கும் இடையில் ஒரு சமநிலை: லா சப்பலை முன்வைத்து." பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் குரங்குக்கு அப்பமாவது மிஞ்சியது.

ஆய்வுக் கேள்வி இதுதான். சுவிசிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் தமிழர்கள் லா சப்பலுக்கு வருகிறார்கள். கூறைச்சேலை எடுக்கிறார்கள், தாலிக்கொடிக்கு ஓடர் கொடுக்கிறார்கள், கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இவர்கள் சுற்றுலாப் பயணிகளா, யாத்திரிகர்களா, வெறும் வாடிக்கையாளர்களா? (அந்தத் தெருவில் நிற்கும் எவரைக் கேட்டிருந்தாலும் சரியான விடை கிடைத்திருக்கும்: அவர்கள் கார் நிறுத்த இடம் தேடுகிறவர்கள்.) ஆனால் நான் யாரையும் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். அவர்கள் யாத்திரிகர்கள். இழந்த ஊரை மளிகைக் கடைக்குள் தரிசிக்க வருகிறவர்கள். இதற்கு "புனித நுகர்வு" என்று பெயரும் சூட்டினேன். மடாம் அந்தச் சொல்லைக் கேட்டதும் சால்வையைச் சரிசெய்துகொண்டார். அது அவரிடமிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு.

இனித் தரவு மட்டும்தான் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு தெருவில் இறங்கினேன். கேள்விகளை நானே தமிழில் எழுதினேன். அந்தத் தமிழ் எந்த நாட்டிலும் பேசப்படுவதில்லை.

என்னிடம் முதலில் அகப்பட்டவர் பிலோமினா அன்ரி. மன்னார்க்காரி, அக்காவின் சிநேகிதி. புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து சனிக்கிழமைகளில் மீனும் மரக்கறியும் வாங்க வருவார். பஸ் தரிப்பிடத்தில் இரண்டு கையிலும் பையோடு நின்றார். ஒரு பையிலிருந்து முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அன்ரி, இந்த வீதிக்குள் பிரவேசிக்கும் தருணத்தில், இழந்துபோன தாயகத்தின் புனிதத்துவத்தை மீளப் பெறுவதாக உணர்கிறீர்களா?"

"என்ன தம்பி?"

நான் அதையே இன்னும் உரத்துக் கேட்டேன். விளங்காதவர்களுக்குச் சத்தம் போதவில்லை என்று நினைக்கிற வயது அது.

"ஓம் தம்பி."

"அது ஓர் ஆத்மீக அனுபவமா?"

"ஓம் ஓம்."

"மீண்டும் மீண்டும் வரத் தூண்டுகிறதா?"

"ஓம் ஓம் ஓம், கெதியாக் கேளும், பஸ் வருது."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். "ஆம்" என்று மற்றவர்கள் சொல்லும் இடத்தில் நாங்கள் "ஓம்" என்போம். அதில் சாமி கிடையாது. ஒரு ஓம் என்றால் சரி. இரண்டு ஓம் என்றால், கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். மூன்று ஓம் என்றால், தயவுசெய்து என்னை விடு. இது பால்குடி மறந்த பிள்ளைக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஆய்வாளனாக நிற்கும்போது எனக்கு என் சொந்த மொழி கேட்பதில்லை. அந்த வாரம் முழுவதும் சேலைக் கடையிலும் நகைக் கடையிலும் ரெலிபோன் கார்ட் விற்கிற கடையிலும் சனத்தை மறித்து மறித்துக் கேட்டேன். எல்லோரும் என்னிடமிருந்து தப்புவதற்கு ஓம் சொன்னார்கள். நான் அதை வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்து, இதையெல்லாம் கணினிக்குக் கொடுக்க வேண்டும். தரவுப் பக்கத்தை எலோடி என்ற பிரெஞ்சு வகுப்புத் தோழி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சொற்களை எண்ணி வட்டம் வட்டமாகப் படம் கீறித் தருகிற ஒரு மென்பொருள் அவளிடம் இருந்தது. அதற்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே நீண்ட பதில்களை நான் பிரெஞ்சுக்கு மாற்றித் தட்டெழுதினேன். "ஓம்" வந்த இடமெல்லாம் அப்படியே ஆங்கில எழுத்தில் ஓம் என்றே அடித்துவிட்டுப் போனேன். அதை மொழிபெயர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மூச்சு விடுவதை யாராவது மொழிபெயர்ப்பார்களா?

பிறகு அந்தக் கோப்பினை நான் திறக்கவில்லை. எலோடி முடிவுகளை அனுப்பினாள், அதையும் திறக்கவில்லை. நான் கோட்பாட்டுக்காரன், எண்களைத் தொட்டால் தீட்டு. அவள் தரவுக்காரி, அர்த்தம் கேட்டால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல். எங்கள் சமநிலை இவ்வளவு சீராக இருந்தது.

ஒரேயொரு முறை அவள் கேட்டாள். ஆய்வை நடுவர் முன் வைப்பதற்கு முதல்நாள் பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். நான் சமையற்கட்டில், இரண்டு கையும் நுரைக்குள், தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் இடையில். பைப்புச் சத்தத்தில் அவள் சொன்னது பாதிதான் கேட்டது. அவள் கேட்ட கேள்வி என்னவென்று பின்னாளில்தான் அறிந்தேன்: "ஒரு சொல் எல்லா இடத்திலும் வருகிறது. ஓம். என் யோகா வகுப்பில் சொல்லுவோமே, அந்தப் புனித ஒலிதானா?"

அதே நேரம் பார்த்து முன்பக்கத்திலிருந்து அத்தான் கத்தினார்.

"டேய், அந்தப் பெரிய தாச்சி கழுவியாச்சோ?"

"ஓம்."

"வடிவாக் கழுவினியோ?"

"ஓம், ஓம்."

எலோடிக்கு அது போதுமாக இருந்தது. பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் "நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தாச்சி கழுவியதற்கு இவள் ஏன் நன்றி சொல்கிறாள் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அடுத்த தாச்சி வந்துவிட்டது.

மறுநாள் குடும்பமே பல்கலைக்கழகத்துக்கு வந்திறங்கியது. தேர்த் திருவிழாவுக்கு மட்டும் பூட்டுகிற கடையை அத்தான் எனக்காகப் பூட்டியிருந்தார். கலியாணக் கோட் போட்டிருந்தார். ஆய்வு ஏற்கப்பட்டதும் மாணவனின் வீட்டார் எல்லோருக்கும் தின்னக் குடிக்கக் கொடுப்பது இங்கே வழக்கம். ஆகவே அக்கா தட்டுத் தட்டாக வடையும் ரோல்ஸும் கட்டிக்கொண்டு வந்தார். பிலோமினா அன்ரியும் வந்திருந்தார். "நானும் பேட்டி குடுத்த ஆள்தானே, வராட்டில் சரியில்லை" என்றார். மூவரும் பின்வரிசையில், வடைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நான் தொடங்கினேன். புனித நுகர்வு, தாயகத் தரிசனம், மளிகைக் கடை என்னும் கருவறை. எனக்கே விளங்காத இடங்களில் குரலைத் தாழ்த்தினேன், அப்படிச் செய்தால் ஆழம் என்று நினைப்பார்கள். கோட்பாட்டு மடாம் கண்ணை மூடி ரசித்தார். தரவு முசியே சுவர்க் கடிகாரத்தை ரசித்தார். நான் முடித்ததும் எலோடி எழுந்து படத்தைப் போட்டாள்.

திரையின் நடுவில் காவி நிறத்தில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் கொட்டை எழுத்தில் ஓம். சுற்றிவரச் சின்னச் சின்ன வட்டங்களாகச் சேலை, மீன், உறவினர், கார் நிறுத்துமிடம்.

"அர்த்தமில்லாத சிறு சொற்களை மென்பொருள் தானாகவே நீக்கிவிடும்" என்று எலோடி விளக்கினாள். "அது, இது, ஆம், இல்லை போன்றவை. மிஞ்சுவதுதான் உண்மையான பொருள்."

பிரெஞ்சில் சொன்ன ஆம் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டு, தமிழில் சொன்ன ஓமைப் பீடத்தில் ஏற்றி வைத்திருந்தது அந்த மென்பொருள். அந்தப் படத்தை நான் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன் என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. எல்லோரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரவு முசியே மெல்ல எழுந்தார். தான் கோட்பாடுகளை நம்பாதவன் என்றும், ஆனால் இன்று எண்களே வந்து சாட்சி சொல்வதால் மறுக்க முடியவில்லை என்றும் சொன்னார். கோட்பாட்டு மடாம் கண்ணைத் திறந்து, தனக்கு எண்கள் பிடிக்காது என்றும், ஆனால் இந்த வட்டத்தில் ஒரு ஆன்மா இருக்கிறது என்றும் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் என் ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கிடந்தது.

அந்த இடத்தில் "மன்னிக்கவும், அது வெறும் ஆம்" என்று சொல்ல எனக்கு அவகாசம் இருந்தது. ஒரு மானமுள்ள மனிதன் சொல்லியிருப்பான். மானமில்லாவிட்டாலும் புத்தியுள்ளவன் வாயைப் பொத்திக்கொண்டாவது இருந்திருப்பான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதினேன்.

"இந்த ஒலி" என்றேன், "சிந்தனைக்குக் கீழே இருந்து வருவது. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் ஒரு சாதாரண நுகர்வோர், பேட்டியாளரின் கேள்வியைக் கேட்டதும், தன்னையறியாமல் பிரபஞ்சத்தோடு இணைகிறார். ஒரு ஓம் தொடக்கம். இரண்டு ஓம் நெருக்கம். மூன்று ஓம் சேர்ந்து வருமானால் அது முழுமையான கரைதல்."

மடாம் அதை எழுதிக்கொண்டார். கரைதல் என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டார்.

"அதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி எலோடி ஒலிப்பதிவைப் போட்டாள். ஹோர்ன் சத்தம், யாரோ ஒருவரின் இருமல், அதன்பின் மண்டபம் நிறைய ஒரு குரல்:

"ஓம் ஓம் ஓம், கெதியாக் கேளும், பஸ் வருது."

திரையில் பிரெஞ்சில் எழுத்து ஓடியது: மும்முறை ஓம், பரவச நிலை.

பின்வரிசையில் அத்தான் முதலில் இருமினார். பிறகு குலுங்கினார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார். வடைத் தட்டு ஆடியது. மடாம் திரும்பிப் பார்த்து, ஏன் சிரிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

"ஆனந்தம், மடாம்" என்றேன். "இது கூட்டு ஆனந்தம்."

இன்றைக்கும் குளித்துக்கொண்டிருக்கும்போது அந்த வசனம் ஞாபகம் வந்தால், தண்ணீரைச் சூடாக்கி என்னை நானே தண்டிப்பேன்.

சிரிக்காத ஒருவர் அங்கே இருந்தார். பிலோமினா அன்ரி திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை குரல்தானே அது? உதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா பள்ளிக்கூடச் சாப்பாட்டுச் சாலையில் வேலை செய்கிறவர், பிரெஞ்சு நன்றாக வாசிப்பார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்கள் மந்திரம் சொல்லிப் பரவசப்பட்டுப் போனியளாம், பிலோமினா அக்கா" என்றார்.

அன்ரி எழுந்து நின்றார்.

"தம்பி மயூரன். நான் வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறவிடாத ஆள். நான் எப்ப உமக்கு மந்திரம் சொன்னனான்?"

"அன்ரி, இருங்கோ, பிறகு கதைப்பம்."

"ஓம், இருக்கிறன். உதை முதல் திருத்தும்."

தரவு முசியே சட்டென்று நிமிர்ந்தார். இன்னொரு ஓம் கிடைத்துவிட்டதே. பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார் என்று நான் சத்தியம் செய்வேன்.

அன்ரிக்கு நான் திருத்தப் போவதில்லை என்று விளங்கிவிட்டது. கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்துப் பிடித்துக்கொண்டு, நேராக நடுவர்களைப் பார்த்துத் தன்னுடைய பிரெஞ்சில் தொடங்கினார். அது வேலைக்குப் போன இடங்களில் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சு. ஆனால் அதில் ஒரு சொல்லும் வீணில்லை.

"மடாம். நான் கத்தோலிக்க. ஓம், செ உய்."

உய் என்றால் பிரெஞ்சில் ஆம். செ உய் என்றால், அது ஆம் என்பதுதான்.

"உய், உய், உய்" என்று அன்ரி தொடர்ந்தார். "பஸ் வந்தது. இவர் விடவில்லை. கேட்கிறார், கேட்கிறார். நான் உய் சொன்னேன், போனேன். அவ்வளவுதான். மந்திரம் இல்லை."

எலோடியின் முகம் சுவர் நிறத்துக்கு வந்தது. தரவு முசியே காவி வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் குரல் உடைந்து கேட்டார்:

"எல்லா ஓமுமா?"

கேள்வி பொதுவாகச் சபைக்கு வந்தது. அத்தான் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, கோட்டை இழுத்துவிட்டு, மரியாதையாகத் தலையாட்டினார்.

"ஓம்."

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். கேள்விகளே கோணல், எல்லாவற்றுக்கும் ஆம் மட்டுமே வரும்படி கேட்டிருக்கிறார்கள், ஆகவே இது கோட்பாட்டின் குற்றம் என்றார் முசியே. பொருள் தெரியாத சொல்லை எண்ணியது தரவின் குற்றம் என்றார் மடாம். கொஞ்ச நேரம் அப்படியே இழுபட்டார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு விசயத்தில் இருவருக்கும் துளிகூடக் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. நான் வருடம் முழுவதும் தேடிய சமநிலை ஒருவழியாகக் கிடைத்தது.

பட்டத்தைக் கழுத்தில் பிடித்துத் தள்ளாத குறையாகத் தந்தார்கள். ஒப்பந்தம் மலையில் பனிச்சறுக்குத் தூக்கிகளைப் பற்றி எழுதிய ஒருவனுக்குப் போனது. அவன் மனிதர்கள் எவரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை, புத்திசாலி. வடையை மட்டும் நடுவர்கள் விடவில்லை. மடாம் ஒன்றைக் கையில் எடுத்து, உறைப்பா என்று அத்தானைக் கேட்டார். "ஓம்" என்றார் அத்தான். அதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது மெத்ரோவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குச் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்காகக் கடையைப் பூட்டியவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அத்தான் கடைக்கு வந்து, கலியாணக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, என்னுடைய ஏப்ரனை எடுத்து நீட்டினார். "ஆக்கள் வரப்போயினம். வா" என்றார். அதில் ஏளனமில்லை. ஏளனமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்தத் தொட்டியடியில் நின்றுதான் எனக்குக் கொஞ்சம் மண்டையில் ஏறியது. கேள்வி கேட்பவனுக்கு ஓம் சொல்லிவிட்டு நகர்ந்து போவதில் எங்கள் சனத்துக்குப் பழக்கம் அதிகம். சோதனைச்சாவடியில் சொல்லியிருக்கிறார்கள், அகதிக் கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள், பஸ் தரிப்பிடத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்த மடையனுக்கும் சொன்னார்கள். ஆய்வு எழுத விசயம் அங்கே இருந்தது. அதை விட்டுவிட்டு நான் முருங்கைக்காய்க்குள் கருவறை தேடினேன். எலோடி பிற்காலத்தில் சொன்னாள், மடாமும் முசியேயும் அதன்பிறகு சேர்ந்து ஒரு பாடம் நடத்துகிறார்களாம், கோட்பாட்டையும் தரவையும் எப்படி இணைக்கக்கூடாது என்று. முதல் வகுப்பிலேயே பெயர் குறிப்பிடாமல் நான் வருகிறேனாம். ஒரே கோப்பி இயந்திரத்தைத்தான் இப்போது பாவிக்கிறார்களாம். நல்லாயிருக்கட்டும்.

நான் பிறகு லா சப்பலிலேயே விமானச் சீட்டு விற்கிற ஒரு கந்தோரில் சேர்ந்தேன். (தம்பி சுற்றுலாத்துறையில்தான் இருக்கிறான் என்று அக்கா சொல்லுவார். பொய்யில்லை.) ஆனால் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. பால் இருக்கோ என்று கடையில் கேட்டால், கடைக்காரர் கையைக் கூப்பி, கண்ணை மூடி, "ஓம்" என்று கோயில் மணி மாதிரி இழுப்பார். சென் தெனியில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணோடு முதன்முதலாகத் தொலைபேசியில் கதைத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "நீங்கள்தானே அந்த ஓம்?"

வேறு என்னத்தைச் சொல்வது. "ஓம்" என்றேன். அவள் சிரிக்கத் தொடங்கி நிறுத்தவில்லை. கலியாணம் அதிலேயே முற்றாகிவிட்டது.

நகரசபையில் பதிவுத் திருமணம். மார்பில் மூவர்ணப் பட்டி அணிந்த ஓர் அம்மையார் நடத்தினார். இங்கே இரண்டு பேரும் வாய்விட்டு "உய்" என்று சொன்னால்தான் சட்டப்படி கலியாணம். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி எடுத்திருந்தேன். அம்மையார் கேட்டார், இவரை மனைவியாக ஏற்றுக்கொள்கிறீர்களா? மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. பதற்றத்தில் வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"ஓம்."

அம்மையார் காத்திருந்தார். "முசியே?" என்றார்.

மறுபடியும் "ஓம்" என்றேன். பக்கத்தில் பெண் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். பெண்வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த நேரம் பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. சரிகைச் சேலையும் கைப்பையுமாக, அதே குரலில், அதே நிமிர்வில் பிலோமினா அன்ரி.

"மடாம்" என்றார். "ஓம், செ உய்."

அம்மையார் சிரித்தேவிட்டார். அத்தான் அதே கலியாணக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். ஒருவரும் கேட்காமலே, "எல்லா ஓமும், மடாம்" என்றார்.

என் வாழ்க்கையைக் கெடுத்த வசனமே எனக்குக் கலியாணமும் கட்டிவைத்தது. ஆனால் உண்மையான தண்டனை வீட்டில்தான் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று ஓமுக்கும் அர்த்தம் என்னவென்று என் மனைவிக்கு அத்துப்படி. அதோடு அவள் எண்ணவும் செய்கிறாள். மடாமையும் முசியேயையும் ஒரே ஆளாகக் கலியாணம் செய்த மாதிரி இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட குசினியிலிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சேருங்கோ, எழுதி முடிஞ்சுதோ? வந்து இந்தப் பெரிய தாச்சியை ஒருக்காக் கழுவித் தாங்கோ."

"ஓம் ஓம் ஓம்" என்றேன்.

"மூண்டு" என்று எண்ணினாள். பிறகு தாச்சியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே வந்துவிட்டாள்.